தலைக்குத் தடவிய சாராயம்

எனக்கு டைபாய்டு வந்தது ஐம்பதுகளின் கடைசியில் ஒரு கோடையில். போகும்போது அந்தக் காய்ச்சல் என் உடம்பில் பாதியையும் எடுத்துக்கொண்டு போயிற்று. அதைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. கஞ்சியும் ரசஞ்சாதமுமாக ஊட்டி அம்மா என்னைப் பழையபடி ஆளாக்கிவிட்டாள். ஆவணி பிறந்ததும் முடி கொட்ட ஆரம்பித்தது. வீட்டில் நிஜமான துக்கம் அன்றைக்குத்தான் தொடங்கியது.

கொட்டியது என்றால் கொஞ்ச நஞ்சமில்லை. சீப்பை வைத்தால் சீப்போடு வரும். கையை வைத்தால் கையோடு வரும். கொள்ளிடத்து மணல் மாதிரி வீட்டில் எங்கே கால் வைத்தாலும் என் முடி. அப்பா ஆபீசுக்குப் போட்டுக்கொண்டு போகும் சட்டைப் பொத்தானில் ஒன்று சுற்றிக்கொண்டு போய், அங்கே ஒரு மாதிரியாகப் பேச்சு எழுந்து, அவர் அதை வீட்டில் வந்து சொல்லித் தலையில் அடித்துக்கொண்டார். ரசத்தில் முடி கிடந்தால் முன்பெல்லாம் அம்மா பேரில் கோபப்படுவார். இப்போது அதை எடுத்து இலை ஓரத்தில் வைத்துவிட்டு என்னைப் பார்ப்பார். அந்தப் பார்வைக்குக் கோபமே தேவலை.

இதே சமயத்தில்தான் முசிறிச் சம்பந்தம் வந்தது. அதற்கு முன்னால் இரண்டு இடம் வந்து தட்டிப்போயிருந்தது. ஒரு வீட்டார் பெண் வேலைக்குப் போகக் கூடாது என்றார்கள். நான் டீச்சர் டிரெய்னிங் முடித்துவிட்டு உத்தியோகத்துக்குக் காத்திருந்தவள். "அப்ப எதுக்கு வந்தீங்க, டிரெய்னிங் முடிச்ச பொண்ணுன்னு தெரிஞ்சுதானே வந்தீங்க?" என்று கேட்டுவிட்டேன். அந்தக் கதை ஸ்ரீரங்கம் முழுக்கச் சுற்றி, அடுத்த வீட்டார் வந்தபோது எங்களுக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தது. பெண்ணுக்கு வாய் நீளம் என்று அவர்களும் போய்விட்டார்கள். வாய் நீளம்தான். இல்லை என்று நான் என்றைக்குச் சொன்னேன்?

முசிறிப் பையன் அங்கே ஹைஸ்கூலில் சயன்ஸ் வாத்தியார். கல்யாணத்துக்கு அப்புறமும் பெண் வேலைக்குப் போகலாம் என்று பையனே சொல்லியிருப்பதாகத் தரகர் சொன்னார். எனக்கு அது போதும். அவர் கறுப்பா சிவப்பா, குட்டையா நெட்டையா என்று நான் ஒரு கேள்வி கேட்கவில்லை. இந்த இடம் மட்டும் அமைந்துவிடட்டும் என்று ரங்கநாதரிடம் வேண்டிக்கொண்டேன். அப்பாவுக்கும் ரிட்டயராகும் காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. வேலையில் இருக்கும்போதே என்னைக் கரை சேர்த்துவிட வேண்டும் என்று அவருக்குத் தவிப்பு.

"எல்லாம் சரிங்க. பையனோட அம்மாவுக்கு ஒரே ஒரு விஷயம்தான்" என்றார் தரகர், போகிற போக்கில்.

"என்ன விஷயம்?" என்றாள் அம்மா.

"பொண்ணுக்குக் கூந்தல் இருக்கணும். பூ வெச்சு விடறாப்ல பின்னாடி வந்து பின்னலை இழுத்துப் பார்ப்பாங்க. லால்குடியில ஒரு வீட்ல சவுரி கையோட வந்திருச்சு. அந்த வீட்டு மனுஷங்க இன்னி வரைக்கும் வெளியில தலை காட்டலை."

அம்மா அதுவரை சவுரி வாங்கிப் பின்னிவிடலாம் என்ற தைரியத்தில்தான் இருந்தாள். சவுரி என்றால் ஒட்டுமுடி. பாதி ஊர்ப் பெண்கள் அதை வைத்துத்தான் பெண் பார்க்க உட்கார்ந்தார்கள். அந்த வழியும் அடைபட்டதும் அவளுக்கு முழி பிதுங்கியது. கரிசலாங்கண்ணி, செம்பருத்தி, சின்ன வெங்காயச் சாறு என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். எல்லாவற்றையும் என் தலையில் அரைத்துப் பூசினாள். வெங்காய நாற்றத்தில் எனக்கே என் பக்கத்தில் உட்காரப் பிடிக்கவில்லை.

அப்போதுதான் அண்ணன் அந்த பாட்டிலைக் கொண்டுவந்தான். அவனுக்குப் பெரிய கடை வீதியில் ஒரு மருந்துக் கடையில் வேலை. கடையில் நின்றதாலேயே தன்னைப் பாதி டாக்டர் என்று நினைத்துக்கொண்டிருந்தவன். பழுப்பு நிற பாட்டில். லேபிளில் ஒரு பெண் பின்பக்கம் காட்டி நிற்கிறாள், முடி கணுக்கால் வரைக்கும் தொங்குகிறது. அவள் காலடியில் எறும்பு ஊர்ந்த மாதிரி பொடி எழுத்தில் இங்கிலீஷில் நாலு வரி. எல்லாரும் கூந்தலைப் பார்த்தோம். எறும்பை யார் பார்த்தார்கள்?

"சீமை மருந்து. ஸ்பிரிட்ல தயாரிச்சது. முடியோட வேர் வரைக்கும் இறங்கும்" என்றான்.

"ஸ்பிரிட்னா?" என்றாள் அம்மா.

அண்ணன் வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தான். "சாராயம்மா. குடிக்கிறதில்ல, தடவுறது."

அம்மா நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். அவள் பயந்ததற்குக் காரணம் உண்டு. ராஜ்யம் முழுக்க மதுவிலக்கு அமலில் இருந்த காலம் அது. அப்பாவுக்கு உத்தியோகமே கலெக்டர் ஆபீஸில் மதுவிலக்கு செக்‌ஷனில்தான். வைத்தியக் காரணம் காட்டிக் குடிக்க அனுமதி கேட்கிறவர்களின் மனுக்கள் அவர் மேஜைக்குத்தான் வரும். நெஞ்சுவலி, கைநடுக்கம், தூக்கமின்மை என்று ஜில்லாவில் உள்ள சகல வியாதியும் அவருக்கு அத்துப்படி. மனுஷர் அந்த விஷயத்தில் நெருப்பு. பிரசவத்துக்குப் பிறகு அம்மாவுக்கு வைத்தியர் திராட்சை அரிஷ்டம் கொடுத்தபோது, "இதுல லாகிரி உண்டா?" என்று கேட்டு, உண்டு என்றதும் பாட்டிலோடு திருப்பிக் கொடுத்தவர்.

"அவருக்குத் தெரிஞ்சா வீடு ரெண்டாயிடும்டா" என்றாள் அம்மா.

"எப்படித் தெரியும்? அவர் மூக்குலதான் பொடி அடைச்சுக் கிடக்கே!"

அது வாஸ்தவம். அப்பா மூக்குப்பொடி ஆசாமி. பால் பொங்கி அடுப்பில் வழிந்து கருகினாலும் அவருக்கு வாசனை தெரியாது. ஆக, அந்தச் சாராயம் எங்கள் வீட்டுக்குள் ஒரு வாடகைக்காரன் மாதிரி வந்து குடியேறியது.

முதல் நாள் தடவியபோது ஜில்லென்று இருந்தது. மறுநிமிஷம் எரிந்தது. மிளகாய் அரைத்த கையைக் கண்ணில் வைத்தால் எப்படி இருக்கும், அது தலை முழுக்க. நான் கத்தினேன்.

"எரியுதுன்னா வேலை செய்யுதுன்னு அர்த்தம்" என்றான் அண்ணன்.

அம்மா தன் பங்குக்கு ஒரு யோசனை கண்டுபிடித்தாள். மருந்தைத் தடவியதும் ஈரத் துண்டைப் பிழிந்து என் தலையை இறுக்கக் கட்டினாள். "ஆவியாப் பறந்து போயிட்டா மருந்து எங்கடி வேலை செய்யும்? உள்ளேயே இருக்கட்டும்" என்றாள். ஊறுகாய் ஜாடிக்குத் துணி கட்டுகிற கெட்டிக்காரி அவள். அதே முறையில் என் தலையையும் ஊறப் போட்டுவிட்டாள்.

நாளாக ஆகத் தலை சிவந்தது. அப்புறம் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியது. அப்புறம் தோல் உரிந்தது. அம்மா ஒவ்வொரு கட்டத்தையும் ஒரு நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டாள். சிவந்தால் ரத்தம் ஓடுகிறது. கொப்புளித்தால் வேர் முளைக்கிறது. உரிந்தால் புதுத் தோல், புதுத் தோல் வந்தால் புது முடி. தினமும் காலையில் சூரிய வெளிச்சத்தில் என் தலையைக் குனியவைத்து அண்ணனும் அவளும் நாற்றங்கால் பார்க்கிற மாதிரி பார்ப்பார்கள்.

"ஏதாவது முளைச்சிருக்கா?" என்பாள் அம்மா.

"இதோ ஒண்ணு இருக்கே."

"அது பழசுடா."

துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் அந்த நெடியில் எனக்குத் தலை லேசாகச் சுற்றும். படுத்தால் தலையணை பட்டு எரியும். நிமிர்ந்து உட்கார்ந்தபடியே தூங்கக் கற்றுக்கொண்டேன். இரண்டு மூன்று தடவை பாட்டிலைக் கிணற்றில் போட்டுவிடலாம் என்றுகூட எடுத்தேன். முசிறியும், வேலையும் நினைவுக்கு வந்து திரும்ப வைத்துவிட்டேன்.

பிற்பாடு ஒரு டாக்டர் என் தலையைப் பார்த்து வாய்க்கு வந்தபடி திட்டினார். டைபாய்டுக்குப் பிறகு கொட்டுகிற முடி, தானே கொட்டி, தானே முளைக்குமாம். ஒரு சொட்டு மருந்து வேண்டாமாம். சும்மா இருந்திருந்தால் போதும் என்றார். புண்ணான தோலில் சாராயத்தை விடுவதே தப்பு, அதன் மேல் துண்டைக் கட்டியது அதைவிடப் பெரிய தப்பு என்றார். அவர் சொன்னபடிதான் நடந்தது, முடி தானாகவே வந்தது. ஆனால் அந்தச் சமயத்தில் எங்கள் வீட்டில் சும்மா இருப்பது எப்படி என்று யாருக்கும் தெரியாது.

ஐப்பசியில் ஒரு நல்ல நாள் பார்த்து முசிறிக்காரர்கள் வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். மத்தியானத்திலிருந்தே அம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள். இருந்த முடியை எப்படிப் பின்னினாலும் எலிவால்தான். அதை மறைக்க மல்லிகை, கதம்பம் என்று பூக்கடையையே என் பின்னந்தலையில் ஏற்றினாள். முன்பக்கம் முடி பறந்து மண்டை தெரிந்தது. அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். டோல்கேட்டில் பஸ்ஸை விட்டிறங்கி ஜட்காவில் வந்தவர்கள் வாசலில் இறங்கும் சத்தம் கேட்டது. அவ்வளவுதான், பாட்டிலில் மிச்சமிருந்ததை முழுக்க என் உச்சந்தலையில் கவிழ்த்து, உள்ளங்கையால் அழுத்தி வாரிவிட்டாள்.

"பளபளன்னு படிஞ்சிருக்கு. அழாதே, மை கலைஞ்சுடும்" என்றாள்.

அழாமல் என்ன செய்வது? உச்சந்தலையில் ஒரு அடுப்பை வைத்துக்கொண்டு காப்பித் தட்டோடு கூடத்துக்குள் நுழைந்தேன்.

வந்தவர்கள் மூன்று பேர். ஜமக்காளத்தின் நடுவில் பையனின் அம்மா, ஒரு பக்கம் அவருடைய பெரியப்பா, மறுபக்கம் பையன். அவர்கள் கொண்டுவந்த பூவன் பழச் சீப்பு பெரியப்பாவின் மடிக்கு எதிரில் இருந்தது. நிமிரக் கூடாது என்று அம்மாவின் உத்தரவு. அதனால் நான் பையனிடம் பார்த்தது இரண்டு பாதங்களை மட்டும். சுத்தமான பாதங்கள். நகம் வெட்டியிருந்தது. பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

நமஸ்காரம் பண்ணி எழுந்தேன். பையனின் அம்மா தயாராக எழுந்து பின்னால் வந்தாள்.

"பூ ஒரு பக்கமா சரிஞ்சிருக்கே. இரும்மா, நான் சரி பண்றேன்."

சரிசெய்கிற கையா அது? தேர்வடம் பிடிக்கிற கை. ஒரு சுண்டு சுண்டினாள். கொப்புளமெல்லாம் ஒன்றாகத் திறந்துகொண்ட மாதிரி இருந்தது. "ஐயோ, அம்மா!" என்று நான் போட்ட கூச்சலில் வாசலில் நின்ற ஜட்காக் குதிரை கனைத்தது. பையனின் அம்மா தன் கையைப் பார்த்தாள். கையில் ஒரு கொத்து முடி. அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துச் சோதித்தாள்.

"வேர் இருக்கு. நிஜ முடிதான்" என்று பெரியப்பாவிடம் திருப்தியாகச் சொன்னாள்.

நான் பாஸாகிவிட்டேன்! வலியில் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தாலும் எனக்கு உள்ளுக்குள் அப்பாடா என்றிருந்தது. அந்தச் சந்தோஷம் அவள் விரலை மூக்கருகே கொண்டுபோகிற வரைக்கும்தான். அவள் முகம் கோணியது. கையைப் பெரியப்பாவிடம் நீட்டினாள்.

அவர் மோந்து பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தடவை, நீளமாக, உள்ளே இழுத்து மோந்து பார்த்தார். நான் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். பல வருஷம் கழித்துச் சொந்த ஊருக்கு வந்து இறங்கிய மனுஷன் முகம் மாதிரி அவர் முகம் மலர்ந்தது. கண்ணைத் திறந்ததும் அந்த மலர்ச்சி போய்விட்டது.

"இது நாட்டுச் சரக்கில்ல. ஒசத்தி. வந்ததுலேர்ந்து பார்க்கிறேன், கூடம் முழுக்க இந்த வாசனைதான்" என்றார். அப்பாவைப் பார்த்துத் திரும்பினார். "நீங்க கலெக்டர் ஆபீஸ்ல எந்த செக்‌ஷன்னு சொன்னீங்க?"

"மதுவிலக்குங்க" என்றார் அப்பா, பெருமையாக.

"ஓஹோ! அப்ப என் மனுவைத் திருப்பி அனுப்பினது நீங்கதானா? நெஞ்சுவலின்னு டாக்டர் சர்ட்டிபிகேட்டோட போட்டேன். காரணம் போதாதுன்னு வந்துச்சு."

"முடிவு பண்றது ஆபீசருங்க. நான் காப்பி எடுத்து அனுப்புறவன்."

"ஊரான் நெஞ்சுவலிக்குக் காரணம் போதாது. உங்க வீட்டுக் கூடத்துல சாராயத்தை ஊத்தி மெழுகுற அளவுக்கு மட்டும் காரணம் இருக்கோ? பிடிச்சு வர்ற சரக்கெல்லாம் எங்கே போகுதுன்னு இப்பல்ல தெரியுது. நாளைக்கே கலெக்டருக்கு எழுதிப் போடறேன்."

அப்பாவுக்கு என்ன நடக்கிறது என்றே புரியவில்லை. மூக்கை உறிஞ்சி உறிஞ்சிப் பார்த்தார். பாவம், அந்தக் கூடத்தில் அந்த வாசனை தெரியாத ஒரே ஆள் அவர்தான். "வாசனையா? எங்க வீட்லயா? என்னங்க சொல்றீங்க?" என்று எல்லார் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா என் முழங்கைக்கு மேல் சதையைப் பிடித்துக் கிள்ளினாள். அந்தக் கிள்ளலின் அர்த்தம் எனக்கு நன்றாகவே தெரியும். உண்மையைச் சொன்னால் முடி கொட்டுகிற கதை வெளியே வந்து இந்த இடமும் போய்விடும். சொல்லாவிட்டால் அப்பாவின் வேலை போய்விடும். அண்ணனைத் தேடினேன். பாதி டாக்டர் கொல்லைப்பக்கம் போனவன் வரவேயில்லை.

எது போனாலும் போகட்டும் என்று நான் வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் அப்பா எழுந்துவிட்டார்.

"இத்தனை வருஷ சர்வீஸ்ல என் நாக்குல ஒரு சொட்டுப் பட்டதில்ல. என் பேச்சை நம்ப வேண்டாம். கற்பூரத்தை ஏத்தி, என் பொண்ணு தலைமேல கை வெச்சுச் சத்தியம் பண்றேன். அப்ப நம்புவீங்கல்ல?"

பிள்ளை தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தால் எங்கள் பக்கத்தில் அதற்கு மேல் விசாரணை கிடையாது. பொய்ச் சத்தியம் பண்ணினால் பிள்ளைக்கு ஆகாது என்று ஒரு பயம். பெரியப்பாவே கொஞ்சம் மிரண்டு, "அதெல்லாம் எதுக்கு?" என்றார். அப்பா கேட்கவில்லை. பூஜை மாடத்திலிருந்து தட்டை அவரே எடுத்தார், கற்பூரத்தை வைத்தார், ஏற்றினார். இடது கையில் கொழுந்து விட்டெரியும் தட்டு. வலது கையை என் உச்சந்தலையில் அழுத்தி வைத்தார். புண்ணின் மேல் அந்தக் கை பட்டதும் எனக்கு உயிர் போய்த் திரும்பி வந்தது. வாயைத் திறந்தவள் பல்லைக் கடித்துக்கொண்டேன். "ரங்கநாதர் சாட்சியா" என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்க்கத் தட்டோடு இன்னும் கிட்டே குனிந்தார்.

"சார்! தட்டைத் தள்ளிப் பிடிங்க! தள்ளிப் பிடிங்க!"

கத்தியது பையன். காதோரம் பறந்துகொண்டிருந்த முடி இரண்டு சுர்ரென்று பொசுங்கின. அவர் பாய்ந்து வந்து தட்டை ஒரு தட்டுத் தட்டினார். கற்பூரம் ஜமக்காளத்தில் விழுந்து எரிந்தது. அதுவரை நான் பார்த்துக்கொண்டிருந்த அந்தச் சுத்தமான பாதங்கள் அதன் மேல் தாம் தூம் என்று குதித்து அணைத்தன. பிறகு தோளில் கிடந்த துண்டால் என் காதோரத்தை ஒற்றி, ஒன்றுமில்லை என்று பார்த்துவிட்டுத்தான் மூச்சு விட்டார்.

"பார்த்தீங்களா! சத்தியம் நிக்கலை. சாமிக்கே பொறுக்கலை" என்றார் பெரியப்பா.

"சாமியில்ல பெரியப்பா, ஸ்பிரிட்டு" என்றார் பையன். "அவங்க தலையில தடவியிருக்கிறது முடி வளர்ற மருந்து. அது அப்படியே பிடிச்சுக்கும். இன்னும் ஒரு சாண் கிட்ட வந்திருந்தா அவ்வளவுதான்."

"உனக்கெப்படிடா தெரியும்?" என்றாள் அவர் அம்மா.

அவர் காதுமடல் சிவந்ததைப் பார்த்தேன். நிமிர்ந்து பார்க்கக் கூடாது என்ற உத்தரவெல்லாம் கற்பூரத்தோடு போயிருந்தது. அவர் பெரியப்பாவுக்கு முன்னால் போய் மண்டியிட்டுத் தலையைக் குனிந்தார்.

"என் தலையை மோந்து பாருங்க."

பெரியப்பா மோந்து பார்த்தார். இன்னொரு தடவை, நீளமாக, மோந்து பார்த்தார். "அதேதான்" என்றார்.

பையன் முன்நெற்றியில் படிந்திருந்த முடியைக் கையால் பின்னுக்குத் தள்ளினார். அது இடது காதுக்கு மேலிருந்து கிளம்பி மண்டையைக் கடந்து வந்த முடி. அடியில் வழுக்கை. நெற்றிக்கு மேல் திருநீறு அப்பியிருந்த இடத்தைத் துடைத்தார். ரோஜா நிறத்தில் ஒரு தீக்காயம்.

"ஒரு நாள் காலையில இதைத் தடவிக்கிட்டு ஸ்கூலுக்குப் போனேன். கிளாஸ்ல ஸ்பிரிட் விளக்கை ஏத்தக் குனிஞ்சேன். விளக்குக்கு முன்னாடி நான் எரிஞ்சேன். பசங்க குடிதண்ணிப் பானையைத் தூக்கித் தலையில கவுத்தாங்க."

"அடுப்புல எண்ணெய் தெறிச்சுதுன்னு சொன்னியேடா!" என்றாள் அம்மாக்காரி.

"ஸ்கூல்ல ஏதும்மா அடுப்பு?"

"மூலிகைத் தைலம்னு சொன்னே!"

"வேற என்ன சொல்லச் சொல்றே? நீ ஊர்ப் பொண்ணுங்க பின்னலையெல்லாம் இழுத்துப் பார்க்கறவ. என் தலையை இழுத்துப் பார்த்தா என்ன பண்றது?" என்றார். எங்கள் அம்மாவைப் பார்த்து, "துணி போட்டு இறுக்கிக் கட்டுனீங்களா? கட்டினா அது உள்ளேயே நின்னு தோலை வேகவெச்சுடும்ங்க. நானும் குல்லா போட்டுக்கிட்டுத் தூங்கிப் புண்ணாக்கிக்கிட்டேன். லேபிள்ல பொடி எழுத்துல போட்டிருக்கு, அதுல ஏதோ ஒரு வண்டை இடிச்சு ஊறவெச்ச சாறு வேற இருக்கு. கொப்புளிக்கிறதே அதனாலதான்" என்றார்.

"வண்டா? சைவக்காரங்க தலையில வண்டா?" என்று எங்கள் அம்மா சுவரில் சாய்ந்துவிட்டாள். சாராயத்தைப் பொறுத்துக்கொண்டவளுக்கு வண்டு தாங்கவில்லை.

அப்பா இதையெல்லாம் கேட்டபடி நின்றார். தன் வலது உள்ளங்கையைப் பார்த்தார். அது பிசுபிசுவென்று ஈரமாக இருந்தது, ஓரத்தில் கொஞ்சம் ரத்தம். அந்தக் கையை இடது கையால் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்.

"வேலை போனா போகட்டும். நான் குழந்தையைக் கொளுத்தப் பார்த்தேனே" என்றார். அவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எனக்குத் தலை எரிச்சலெல்லாம் மறந்துபோயிற்று.

பெரியப்பாவுக்கு அதற்கு மேல் மனுப் போடுகிற உற்சாகம் இல்லை. போட்டால் தம்பி மகன் தலையையும் சாட்சிக்குக் கொண்டுபோக வேண்டும். "சரி சரி, அதை விடுங்க" என்று முனகினார். பையனின் அம்மா மட்டும் விடவில்லை. தோற்றுப்போன கோபம் அவளுக்கு.

"அப்படின்னா பொண்ணுக்கு முடி கொட்டுது. அதை எங்ககிட்ட மறைச்சிருக்கீங்க."

"உங்க பையனுக்கும்தான் கொட்டுது. நீங்க சொன்னீங்களா?" என்றேன்.

அம்மா கிள்ளினாள். கிள்ளட்டும், கிள்ளிக் கிள்ளி அந்தக் கை ஏற்கெனவே மரத்துப்போயிருந்தது. அப்பா எழுந்து கைகூப்பினார். "மறைச்சது தப்புதாங்க. இது இனிமே ஒத்துவராது. எங்களை மன்னிச்சுட்டுப் போயிட்டு வாங்க."

ஒத்துவராது என்று அவர் வாயாலேயே வந்துவிட்டது. முசிறியில் ஒரு பள்ளிக்கூடமும் கையில் சாக்கட்டியுமாக நான் மனசுக்குள் கட்டி வைத்திருந்த அத்தனையும் கண்ணெதிரே எழுந்து நின்று அங்கவஸ்திரத்தை உதறிக்கொண்டிருந்தது. பெரியப்பா பூவன் பழச் சீப்பைத் திரும்ப எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். பையனின் அம்மா வாசலில் செருப்பைத் தேடினாள். காப்பியை யாரும் தொடவில்லை.

பையன் கடைசியாகப் போனார். நிலைப்படியில் நின்று திரும்பினார். முடி இன்னும் பின்னுக்குத் தள்ளியபடியே கிடந்தது. அதைத் திரும்ப வாரி மூடவேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

"நிறையத் தண்ணி ஊத்திக் கழுவிடுங்க. சீயக்காய் கீயக்காய் போடாதீங்க, வெறும் தண்ணி" என்றார். பிறகு, எல்லாரும் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, என்னிடம், "ரொம்ப எரியுதா?" என்று கேட்டார்.

ஆவணியிலிருந்து என் தலையை எத்தனை பேர் பார்த்திருப்பார்கள். முளைத்ததா, படிந்ததா, மறைந்ததா, நிஜமா என்றுதான் கேட்டார்கள். எரிகிறதா என்று ஒருவரும் கேட்டதில்லை. நான் அவர் முகத்தை நேராகப் பார்த்தேன்.

"ஆமாங்க. ரொம்ப எரியுது" என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. துடைத்துக்கொண்டு அப்பா பக்கம் திரும்பினேன்.

"அப்பா, அவங்களை உள்ளே வந்து உட்காரச் சொல்லுங்க. நான் தலையைக் கழுவிட்டு வரேன்."